ஆபரேஷன் தியேட்டரில் மயக்க வாயு வாசனை, எந்த மாஸ்க் வாங்கலாம்?

மூன்றாம்_ஷிஃப்ட்: கொஞ்சம் அவசரம். ஒரு மாதமாகத் தியேட்டரில் மயக்க மருந்து வாசனை. மதியத்துக்குள் எனக்கும் ஸ்க்ரப் நர்ஸுக்கும் தலை பாரமாகிவிடுகிறது. ஸ்கேவெஞ்சிங் குழாய் (மிச்ச மயக்க வாயுவை வெளியேற்றுவது) மாட்டித்தான் இருக்கிறது, மெஷின் லீக் டெஸ்ட்டும் பாஸ். கூட வேலை செய்யும் அக்கா மூன்று மாதக் கர்ப்பம். எந்த மாஸ்க் நல்லது?

குழாய்க்காரன்: எந்த மருந்து? நைட்ரஸ் ஆக்சைடு வாயுவும் ஓடுகிறதா? வாசனை நாள் முழுக்கவா, ஆபரேஷன் கேஸ் தொடங்கும்போது மட்டுமா? ஸ்கேவெஞ்சிங் வேக்குவத்தில் ஓடுவதா, சும்மா வெளியே நீட்டிவிட்ட குழாயா?

வேப்பரைசர்_வாத்தியார்: இதெல்லாம் முதல் வருஷப் பாடம். என்95 துகளைத்தான் தடுக்கும், வாயுவை அல்ல. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1977-லேயே ஹாலோஜன் மருந்துகளுக்கு (ஆவியாக்கி முகரவைக்கும் மயக்க மருந்துகள்) 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு), நைட்ரஸுக்கு 25 பிபிஎம் என்று வரம்பு சொல்லிவிட்டது. வாசனை தெரிகிறதென்றால் அந்த 2-ஐ எப்போதோ தாண்டியாயிற்று. நைட்ரஸை மூக்கு காட்டிக்கொடுக்கவும் செய்யாது.

பச்சைக்_கவுன்: 1977-இல் செவோவே (செவோஃப்ளூரேன், ஹாலோஜன் மருந்துதான்) புழக்கத்தில் இல்லை சார். என் அனுபவத்தில் குற்றவாளி ஸ்பிளிட் ஏசி. உள்ளே இருக்கும் காற்றையே சுற்றவிடும், புதுக் காற்று வராது.

குழாய்க்காரன்: ஏசி வாயுவை உண்டாக்காதே! குழந்தைகளுக்கு மாஸ்க் இண்டக்‌ஷன் (மாஸ்க் வழியாக வாயு கொடுத்து மயக்கம் தொடங்குவது) செய்கிறீர்களா? குழந்தை முகத்தில் மாஸ்க் பொருந்துவதற்கு முன்பே வாயு ஃப்ளோவைத் திறந்தால் பாதி நமக்குத்தான். அப்புறம் நோயாளியின் மூச்சு வாயுவை அளக்கும் மானிட்டர் நிமிடத்துக்குச் சுமார் 200 மில்லி உறிஞ்சுகிறதே, அதன் வெளியேறும் முனை எங்கே போகிறது?

பச்சைக்_கவுன்: நைட்ரஸையே நிறுத்தலாம். சுவர்க் குழாய் இணைப்புகளில் கசிந்தே வீணாகிறது.

வேப்பரைசர்_வாத்தியார்: நைட்ரஸ் இல்லாமல் இண்டக்‌ஷன் செய்துகாட்டுங்கள், பார்க்கலாம்.

பச்சைக்_கவுன்: செவோவும் ஆக்சிஜனும் மட்டும் வைத்துத் தினமும் செய்கிறோம். பாடப்புத்தகத்தை விட்டு வெளியே வாருங்கள்.

குழாய்க்காரன்: சண்டை அப்புறம். @மூன்றாம்_ஷிஃப்ட், மெஷின் பக்கவாட்டில் ஸ்கேவெஞ்சிங் டப்பா இருக்குமே, அதன் கண்ணாடிக் குழலில் மிதவை இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிற்கிறதா? கீழே கிடந்தால் உறிஞ்சல் போதாது. டப்பா மேல் துளைகள் வழியாக வாயு அறைக்குத்தான் வரும். லீக் டெஸ்ட் இதைப் பிடிக்காது, அது சர்க்யூட்டை (நோயாளிக்கு வாயு போய்வரும் குழாய்களை) மட்டும்தான் பார்க்கும்.

(நான்கு நாள் கழித்து)

மூன்றாம்_ஷிஃப்ட்: மிதவை அடியில்தான் கிடந்தது. டப்பாவைக் கழற்றினால் சல்லடை முழுக்கத் துணிப்பஞ்சு, சாம்பல் நிறத்தில் மெத்தை மாதிரி. கருவிகளைப் பராமரிக்கும் பயோமெடிக்கல் ஆள் சுத்தம் செய்ததும் மிதவை மேலே வந்துவிட்டது. தலைவலி இல்லை. குழந்தை கேஸ் நாளில் மட்டும் இன்னும் லேசாக வாசனை. நன்றி, டூட்டிக்குக் கிளம்புகிறேன்.

குழாய்க்காரன்: மானிட்டர் முனை? அந்த அக்காவைக் குழந்தை கேஸ் பட்டியலிலிருந்து மாற்றினார்களா?

குழாய்க்காரன்: @மூன்றாம்_ஷிஃப்ட்?