தாத்தாவோட சாமானுக்கு கையாலயே ஒரு டூல் பெட்டி

கையால டூல் பெட்டி செஞ்சவங்க இருந்தா அனுபவத்த சொல்லுங்கன்னு கேட்டிருந்தீங்க. நான் ஒன்னு செஞ்சேன், முடிக்க ஒன்றரை வருஷம் ஆச்சு, அதுல பாதிக்கு மேல பலகை காயுற வரைக்கும் காத்திருந்ததுதான்.

எங்களுக்கு மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டம். தாத்தா அங்க ஸ்டோர்ல, அதாவது தேயில ஃபேக்டரியில, தச்சு வேல பாத்தவரு. அவரு போனதுக்கப்புறம் அவரோட வாள், இழைப்புளி, உளிக்கட்டு எல்லாம் ஒரு பழைய தேயிலப் பெட்டிக்குள்ள கெடந்துச்சு. அந்தப் பெட்டி உங்கள்ல நெறைய பேருக்கு ஞாபகம் இருக்கும், மெல்லிசு ப்ளைவுட், ஓரமெல்லாம் தகரம் அடிச்சு உள்ளுக்கு வெள்ளித்தாள் வச்சிருக்கும், பேப்பர் பேக் வர்றதுக்கு முந்தி தூளு கொழும்புக்கு போனதெல்லாம் அதுலதான், லயத்துல, அதான் தோட்டத்து வரிச வீடுங்கள்ல, எத்தனையோ பேருக்கு அலுமாரியும் அதுதான். ஆனா தூளுக்குன்னு செஞ்ச பெட்டி இரும்ப தாங்குமா, அடி பிஞ்சு உளியெல்லாம் ஒன்னுமேல ஒன்னு விழுந்து வாய் முழுக்க பல்லு பல்லா போயிருந்துச்சு. பாத்தப்ப வயித்தெரிச்சலா இருந்துச்சு.

தாத்தாகிட்ட சொந்தமா நல்ல மரப்பெட்டி ஒன்னு இருந்திருக்கு. தோட்டத்து ஆளுங்கள்ல ஒரு பகுதிய இந்தியாவுக்கு அனுப்ப 1964ல போட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல அவரோட தம்பி குடும்பம் இந்தியாவுக்கு பதிஞ்சிருச்சு, அவங்க தலைமன்னார்ல கப்பலேறப் போறப்போ சட்டி பானை துணிமணி போட்டுக்கன்னு தாத்தா பெட்டிய காலி பண்ணி குடுத்துட்டாரு. அப்பா சொல்லித்தான் இது எனக்கு தெரியும். அதே மாதிரி ஒன்னு செய்யணும்னு அப்பவே மனசுல விழுந்திருச்சு.

மரத்துக்கு ஹட்டன்ல ஒரு வாள் மில்லுக்கு போனேன். பலாவுல செய்யத்தான் ஆசை, ஆனா பலா மரம் வெட்டுறதுக்கே பர்மிட் வேணும், நல்ல பலகை கெடச்சாலும் வெல ஏறிப்போய் கெடக்கு. சவுக்கு இருந்துச்சு, நம்ம தேயில மலையில நெழலுக்கு நட்ட கிரேவில்லியா. நான் பலகைய பொரட்டி பொரட்டி பாத்துக்கிட்டு நிக்கிறேன், பக்கத்துல ஒரு பெரியவரு, சாரமும் ஸ்வெட்டருமா, அவரும் மரம் வாங்க வந்தவரு, "தம்பி, மொகத்த பாக்காதீங்க, முனைய பாருங்க"ன்னாரு. முனையில அந்த வளையக் கோடு நட்டமா நின்னா அந்தப் பலகை கொறச்சலா அசையும், படுத்துக் கெடந்தா வளைஞ்சு கிண்ணி மாதிரி ஆயிரும்னு சொன்னாரு. நட்டமா நிக்கிற பலகையா அவரே ஏழு பொறுக்கி குடுத்தாரு, அத இழைச்சப்போ மேல பூவேல செஞ்ச மாதிரி மினுமினுன்னு வந்த அழகு இருக்கே, சவுக்க வெறும் வெறகுன்னு நெனைக்கிறவங்க அத ஒருக்கா பாக்கணும். ஆனா ஒன்னு, சவுக்குத் தூளு சில பேருக்கு தோல்ல ஆகாது, எனக்கு மொழங்கை வரைக்கும் தடிச்சு அரிச்சிருச்சு, முழுக்கை சட்டையும் மாஸ்க்கும் போட்டுக்கிட்டு செய்யுங்க.

அவரும் தோட்டத்து தச்சு பாஸ்தானாம், அதாவது ஆசாரி, ரிட்டயர் ஆனவரு. அதுக்கப்புறம் ஞாயித்துக்கெழமையில அவரு வீட்டுக்கு போக ஆரம்பிச்சேன். ஒரு இஞ்சி கனத்துக்கு ஒரு வருஷம் காயணும்னாரு, முனையில பெயிண்ட் அடிச்சு வைக்கச் சொன்னாரு. ஈரம் முனை வழியாத்தான் வெரசா போகுமாம், அங்க மட்டும் முந்தி காஞ்சா வெடிச்சிரும். காஞ்சதுக்கப்புறம் "பெட்டி என்ன நீளம் அய்யா போடுறது"ன்னு கேட்டேன், "உங்க நீட்டு வாள எடுத்துட்டு வாங்க"ன்னாரு. தாத்தாவோட வாள் அலகு 26 இஞ்சி, கைப்பிடியோட 30க்கு கிட்ட, அதுனால உள்ளுக்கு 34, வெளியில 36. டூல் பெட்டிக்கு அளவு சொல்றது வாள்தான்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு.

நாலு மூலையும் டவ்டெயில், ஸ்கூல்ல புறாவால் மூட்டுன்னு படிச்சமே அதேதான். அளந்து ரெண்டு பக்கத்தையும் தனித்தனியா வெட்டுனா என்னைக்கும் சேராது. மொத ஒரு பலகையில புறாவால் மாதிரி வால வெட்டிரணும், வெட்டுன வால அடுத்த பலகை முனை மேல வச்சு கத்தி முனையால கோடு கீறணும், அப்புறம் கோட்டுக்கு வெளியில, தூக்கிப்போடப் போற பக்கம் வாள போடணும். "கோட்ட திங்காதீங்க தம்பி, கோடு பாதி நிக்கணும்"னு அவரு சொன்னது இன்னும் காதுல கேக்குது. மொத மூலைக்கு ரெண்டு ஞாயிறு போச்சு. நாலாவது மூலை கொட்டாப்புளியால நாலு தட்டுல உள்ளுக்கு போய் உக்காந்துச்சு, அந்த சத்தமே வேற, டொக் டொக்குன்னு இருந்தது கடைசியில டம்முன்னு கனத்து வரும்.

இப்ப தப்ப சொல்றேன். மூடிய அவரு இல்லாம வீட்டுல வச்சு செஞ்சேன். சுத்தி சட்டம், நடுவுல ஒன்றரை அடி அகலத்துல ஒட்டுன பலகை. காடியில, அதான் சட்டத்துல வெட்டுன பள்ளத்துல, பலகைய இறுக்கமா வச்சு வெள்ளை கம் ஊத்தி ஒட்டிட்டேன், ஆடவே கூடாதுன்னு. அது பெப்ரவரி மாசம், நல்ல வெயில். ஜூன்ல மழ புடிச்சுது, மஸ்கெலியா மழையும் மிஸ்டும் சொல்லவே தேவயில்ல, சொவரே வேர்க்கும். ஒரு நாள் காலையில பாக்குறேன், மூடியோட மூலை மூட்டு வாய் பொளந்து நிக்குது, ஒரு ரூவா காச உள்ளுக்கு விட்டா போகுது. பலகை ஊதி சட்டத்த தள்ளிருச்சு.

அவருகிட்ட கொண்டு போய் காட்டுனேன். திட்டல. "மரம் நீட்டுக்கு ஊதாது, அகலத்துக்குத்தான் ஊதும், அதுக்கு எடம் விட்டீங்களா"ன்னு மட்டும் கேட்டாரு. அவங்க காலத்துல வச்சிரம், அதான் தோல் எலும்புல செய்யுற பசை, காய்ச்சி ஒட்டுவாங்களாம், சுடுதண்ணியும் ஆவியும் காட்டுனா மூட்டு வுட்டுக் குடுக்கும், திருப்பி செய்யலாம். என் வெள்ளை கம் அப்படி வுடல, சட்டத்த அறுத்துத்தான் எடுத்தேன். புது சட்டத்துல காடிய ஆழமா எடுத்து, ரெண்டு பக்கமும் எடம் விட்டு, கம்மே போடாம பலகைய சும்மா மெதக்க விட்டேன். இப்ப அது மழைக்கு ஊதுது, வெயிலுக்கு சுருங்குது, மூட்டு அப்படியே நிக்குது.

உள்ளுக்கு மூணு தட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் ஓடுற மாதிரி. தட்டோட மரம் பெட்டி நீட்டுவாக்குல ஓடுது, நீட்டுக்கு ஊதாது, அதுனால அத இறுக்கமாவே வைக்கலாம், ஓடுற கட்டையில மெழுகுதிரி தேச்சா போதும். வெளியில பச்ச பெயிண்ட், உள்ளுக்கு ஒன்னும் அடிக்கல. தேங்காயெண்ணெ தொட்ட துணியால உளியெல்லாம் தொடச்சு வைக்கிறேன், மூலையில கொஞ்சம் கற்பூரம்.

*

பதில் (பண்டாரவளையிலிருந்து):

படிக்க படிக்க எங்க அம்மாவோட பொட்டி ஞாபகம் வந்திருச்சுங்க. கல்யாணத்துக்கு ஹட்டன் பக்கம் செஞ்சு இங்க கொண்டு வந்தது, அடி ஒரே அகலப் பலகை, நாலு பக்கமும் ஆணி. இங்க உங்களுக்கு நேர் எதிர்தானே, நீங்க மழையில நனையுறப்போ எங்களுக்கு கச்சான்னு வறண்ட காத்து அடிச்சு ஒதடு வெடிக்கும். மொத வருஷமே ஆகஸ்ட் மாசம் ராத்திரி டமார்னு சத்தம், காலையில பாத்தா அடிப்பலகை நீட்டுக்கு பொளந்திருக்கு. அம்மா யாரோ கண்ணு வச்சிட்டாங்கன்னு சுத்திப் போட்டாங்க. இப்ப நானும் ஒரு டூல் பெட்டி செய்யலாம்னு இருக்கேன், அடிக்கு என்ன செஞ்சீங்க?

*

உங்க அம்மா பொட்டி கத கேக்க கஷ்டமா இருக்குங்க, நாலு பக்கமும் ஆணி அடிச்சா பலகை சுருங்க வழியில்ல, வெடிக்கத்தான் செய்யும். அடிக்கு ஒரே பலகை போடாதீங்க. நாலு அஞ்சு இஞ்சி அகலத்துல சின்னச் சின்னப் பலகையா, முன்னுக்கிருந்து பின்னுக்கு குறுக்கால போடுங்க, ஒன்னுல நாக்கு இன்னொன்னுல காடி, ஒட்ட வேணாம். ஒவ்வொன்னும் தன்னோட எடத்துலயே கொஞ்சமா அசைஞ்சுக்கும், மொத்தமா சேந்து இழுக்காது. அதுக்கு அடியில ரெண்டு கட்டை அடிச்சிருங்க, தரை ஈரத்துல உளுத்தா கட்டைய மட்டும் மாத்திக்கலாம். நீங்க கச்சான் அடிக்கிற மாசத்துல செய்யுறதா இருந்தா பலகை நல்லா சுருங்கி இருக்கும், பின்னாடி ஊதும், அதுனால நாக்குக்கும் காடிக்கும் நடுவுல எடம் கூட விடுங்க, மழ மாசத்துல செஞ்சா நெருக்கி வைக்கலாம்.

பலகை வாங்குறதுக்கு முந்தி உங்க நீட்டு வாள் கைப்பிடியோட எத்தனை இஞ்சின்னு அளந்து சொல்லுங்க, மத்த அளவ சேந்து போட்டுக்கலாம்.