சிதைந்த டிஎன்ஏவை ஸ்டெம் செல்கள் எப்படிச் சரிசெய்கின்றன?

கேள்வி: பாளை விலங்கியல் ஆசிரியை

வணக்கம். பாளையங்கோட்டையில் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் கற்பிக்கிறேன். தோல் செல்லும் குடல் செல்லும் சில நாட்களிலோ வாரங்களிலோ உதிர்ந்துவிடுவதால் அவற்றின் டிஎன்ஏவில் நேரும் பிழை அவற்றோடு ஒழிந்துவிடும் என்றும், வாழ்நாள் முழுதும் நம்மோடு இருந்து புதிய செல்களைத் தந்துகொண்டிருக்கும் ஸ்டெம் செல்லில் நேரும் பிழையோ அதன் வழிவந்த செல்கள் எல்லாவற்றுக்கும் போய்ச்சேரும் என்றும் பாடத்தில் சொன்னேன். அப்படியானால் ஸ்டெம் செல்லிடம் மற்றச் செல்களைவிடச் சிறந்த பழுதுநீக்கும் முறை இருக்க வேண்டும் அல்லவா என்று ஒரு மாணவி கேட்டாள். இன்னொரு மாணவனோ, ‘ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொண்டால் உடலில் பழுதடைந்த டிஎன்ஏ சரியாகிவிடும்’ என்று அச்சிட்ட விளம்பரத் தாளைக் கொண்டுவந்து காட்டினான். இரண்டுக்கும் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லத்தக்க விளக்கத்தை அறிந்தவர்கள் தர வேண்டுகிறேன்.

பதில்: சிந்துபூந்துறை வாசி

அம்மா, விளம்பரத் தாளைப் பற்றிய விடை சிறியது; அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழுதுநீக்கும் நொதிகள் அந்தந்தச் செல்லின் உட்கருவுக்குள்தான் வேலை செய்கின்றன. உடலில் செலுத்தப்படும் ஸ்டெம் செல் மிஞ்சிப்போனால் அழிந்த செல்லுக்குப் பதிலாகப் புதிய செல்லைத் தரலாமேயன்றி, பக்கத்துச் செல்லின் உட்கருவுக்குள் புகுந்து அதன் டிஎன்ஏவைத் திருத்தாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகளும், இரத்த நோய்கள் முதலிய ஏற்கப்பட்ட தேவைகளுக்கான இரத்த ஸ்டெம் செல் மாற்று நீங்கலாக, மற்றவற்றை முறைப்படி அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம் என்கின்றன. காசு வாங்கிக்கொண்டு போடும் ஊசி அதில் அடங்காது.

மாணவியின் ஊகம் நியாயமானதுதான். ஆயினும் உண்மை சற்று வேறாக இருக்கிறது. வெளியிலிருந்து எந்தத் தாக்குதலும் இல்லாமலேயே, ஒவ்வொரு செல்லின் டிஎன்ஏவிலிருந்தும் நாள்தோறும் அதன் எழுத்துகளான காரங்களில் பியூரின் வகையைச் சேர்ந்தவை ஏறத்தாழ 10,000 உதிர்கின்றன. இவ்வகைச் சேதங்கள் சரிசெய்யப்படும் வழிகளை விளக்கியதற்காகத் தோமஸ் லிண்டால், பால் மோட்ரிச், அஜீஸ் சாஞ்சார் ஆகிய மூவரும் 2015ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பெற்றார்கள். அந்த வழிகள் எல்லாச் செல்களுக்கும் பொதுவானவை. ஸ்டெம் செல்லுக்கென்று தனிக் கருவி எதுவும் இல்லை. எந்த வழியை எப்போது கையாளுவது, பழுதான செல்லைத் திருத்தி வைத்துக்கொள்வதா, கழித்துவிடுவதா என்னும் முடிவில்தான் அது வேறுபடுகிறது.

சேதம் நேராமல் பார்த்துக்கொள்வதே அதன் முதல் உத்தி. எலும்பு மஜ்ஜையிலுள்ள இரத்த ஸ்டெம் செல்கள் பெரும்பாலும் பிரியாமல் உறங்குகின்றன. ஆக்சிஜன் குறைந்த இடத்தில், மைட்டோகாண்ட்ரியாவை அதிகம் சாராமல், குளுக்கோஸின் சிதைவால் கிடைக்கும் சிறிதளவு ஆற்றலைக் கொண்டே வாழ்வதால், டிஎன்ஏவைத் தாக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் அவற்றில் குறைவாகவே உண்டாகின்றன. உள்ளே நுழையும் நச்சுப்பொருட்களை வெளியே தள்ளும் புரதங்களும் அவற்றின் சவ்வில் உண்டு. நம் பக்கத்தில் விதைநெல்லைத் தனியே கோட்டை கட்டி வைப்பதைப் போன்ற ஏற்பாடு இது.

ஆனால் இந்த உறக்கத்தால் ஒரு பாதகமும் இருக்கிறது. டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் ஒருசேர அறுந்தால், அவற்றைப் பிழையின்றிச் சேர்ப்பதற்குப் பிரதியெடுத்த சகோதர குரோமாட்டிட் மாதிரியாகத் தேவை; அந்தப் பிரதியோ செல் பிரிவதற்கு ஆயத்தமாகும்போதுதான் இருக்கும். உறங்கும் செல்லிடம் அது இல்லாததால், அறுந்த முனைகளை அப்படியே ஒட்டிவிடுகிறது. ஒட்டும் இடத்தில் சில எழுத்துகள் விடுபடலாம், சில சேர்ந்துவிடலாம். 2010இல் வெளியான ஓர் ஆய்வில், கதிர்வீச்சுக்கு உள்ளான எலிகளின் இரத்த ஸ்டெம் செல்கள், அவற்றிலிருந்து தோன்றி இரத்தச் செல்களாக மாறும் வழியிலுள்ள முன்னோடிச் செல்களைவிட நன்றாகவே பிழைத்துக்கொண்டன. ஆனால் குரோமோசோம் பிறழ்ச்சிகளைச் சுமந்தபடி பிழைத்தன. அதே ஆண்டில் மனிதத் தொப்புள்கொடி இரத்தத்தின் ஸ்டெம் செல்களை ஆராய்ந்தவர்களோ, அவை பி53 புரதத்தின் ஏவலால் எளிதில் மடிவதைக் கண்டார்கள். எலியில் கண்டதை மனிதனுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

திசுவுக்குத் திசுவும் இது மாறும். மயிர்க்கால்களின் ஸ்டெம் செல்கள், செல் மடிவதைத் தடுக்கும் பிசிஎல்-2 புரதத்தை மிகுதியாக வைத்துக்கொண்டு, அறுந்த முனைகளை விரைவாக ஒட்டித் தப்பிக்கின்றன. சிறுகுடலின் சிற்றறைகளின் அடியிலுள்ள செல்களில் சிலவோ மிகக் குறைந்த கதிர்வீச்சுக்கே மடிந்துவிடுகின்றன. பழுதானதைத் தயங்காமல் கழித்துவிடுவதால்தான் சிறுகுடலில் புற்றுநோய் பெருங்குடலைவிட அரிதாக இருக்கிறது என்று கருதுவோர் உண்டு. எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. எப்படியிருப்பினும் பிழைகளை முற்றிலும் தவிர்க்க முடிவதில்லை: மனிதரின் ஒவ்வொரு இரத்த ஸ்டெம் செல்லிலும் ஆண்டுக்குச் சுமார் 17 சடுதி மாற்றங்கள் சேர்ந்துகொண்டே போகின்றன.

பதில்: தென்காசி ஆய்வக நுட்பர்

மேலே சொன்னதற்கு ஒரு மறுபக்கத்தைச் சேர்க்க விரும்புகிறேன். இந்தப் பழுதுநீக்கம் பிறவியிலேயே குறைபட்டால் என்ன ஆகும் என்பதை, ஸ்விட்சர்லாந்தின் குழந்தை மருத்துவர் கைடோ பான்கோனி 1927இல் விவரித்த இரத்தசோகை காட்டுகிறது. டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் விலக முடியாதபடி ஒன்றோடொன்று பிணைந்துகொண்டால் அவற்றைப் பிரித்துவிடும் புரதங்களில் ஏதேனும் ஒன்று இந்நோயில் செயலற்றுப்போகிறது. உடலின் சொந்த வளர்சிதை மாற்றத்தில் உண்டாகும் பார்மால்டிஹைடு போன்றவையே அத்தகைய சேதத்தை விளைவிப்பதால், சிறு வயதிலேயே மஜ்ஜையின் ஸ்டெம் செல்கள் குறைந்து இரத்த உற்பத்தி நின்றுபோகிறது. பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் தோன்றும் என்பதால், அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்திலேயே மணம் முடிக்கும் நம் பகுதியினர் இதை அறிந்திருப்பது நல்லது.

இரத்தச் செல்களை, இழைகளை இப்படிப் பிணைக்கும் மைட்டோமைசின் சி போன்ற மருந்தோடு வளர்த்து, குரோமோசோம்கள் முறிகின்றனவா என்று பார்ப்பதே இதற்கான பரிசோதனை. ஆனால் சில நோயாளிகளின் இரத்தத்தில் முறிவே தெரியாது. மஜ்ஜையின் ஏதோ ஒரு ஸ்டெம் செல்லில் தற்செயலாக இன்னொரு மாற்றம் நேர்ந்து, பழுதான மரபணு மீண்டும் வேலைசெய்யத் தொடங்கியிருக்கும்; அந்தச் செல்லின் வழிவந்தவை மற்றவற்றைவிட நன்றாகப் பிழைத்து, காலப்போக்கில் மஜ்ஜையை நிரப்பிவிடும். அப்போது தோல் செல்களை வளர்த்துத்தான் நோயை உறுதிசெய்ய வேண்டியிருக்கும்.

கேள்வி: உவரிக் கடலோரம்

சிந்துபூந்துறை அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி. மணவாளக்குறிச்சி, கருநாகப்பள்ளிக் கடற்கரை மணலில் தோரியம் கலந்த மோனசைட் இருக்கிறது. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்களின் ஸ்டெம் செல்கள் அந்தக் கதிர்வீச்சை எப்படித் தாங்குகின்றன?

பதில்: சிந்துபூந்துறை வாசி

மொத்த அளவைக் காட்டிலும், எவ்வளவு நேரத்துக்குள் வருகிறது என்பதே இங்கே முக்கியம். 1 கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு ஒரே வீச்சில் பட்டால், ஒரு செல்லில் ஏறத்தாழ 1,000 ஒற்றை இழை அறுப்புகளும் 20 முதல் 40 வரை இரட்டை இழை அறுப்புகளும் உண்டாகும். பல அறுந்த முனைகள் ஒரே சமயத்தில் இருப்பதால் ஒன்றின் முனை வேறொன்றின் முனையோடு தவறாக ஒட்டிக்கொள்ள வாய்ப்பு மிகுதி. அதே அளவு பல ஆண்டுகளில் சிறுகச் சிறுக வரும்போது, ஓர் அறுப்பு சரியான பின்னரே அடுத்தது நேர்கிறது. கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அதைக் கொண்டு எவ்வளவு கதிர்வீச்சும் தீங்கற்றது என்று முடிவுகட்ட இயலாது.

பாளை விலங்கியல் ஆசிரியை

இருவருக்கும் மிக்க நன்றி. பிழையோடு ஒட்டும் அந்த முறையை மருத்துவத்தில் எங்காவது பயன்படுத்துகிறார்களா?

பதில்: தென்காசி ஆய்வக நுட்பர்

ஆம், அம்மா. அரிவாள் செல் இரத்தசோகைக்கும் பீட்டா தலசீமியாவுக்குமான கேஸ்கெவி என்னும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதி அளித்தது. அடுத்த மாதம் அமெரிக்காவும் அரிவாள் செல் நோய்க்கு அளித்தது. நோயாளியின் இரத்த ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, கருப்பருவ ஹீமோகுளோபினை அடக்கிவைக்கும் பிசிஎல்11ஏ மரபணுவைத் தூண்டும் பகுதியைக் கிரிஸ்பர் கருவியால் வெட்டிவிடுவார்கள். செல் அந்த வெட்டைப் பிழையோடு ஒட்டும்போது அப்பகுதி செயலிழக்க, பழுதான ஹீமோகுளோபினுக்கு ஈடாகக் கருப்பருவ ஹீமோகுளோபின் மீண்டும் சுரக்கத் தொடங்குகிறது. திருத்திய செல்களுக்கு மஜ்ஜையில் இடம் உண்டாக்க, பழையவற்றைப் புசல்பான் மருந்தால் முதலில் அழித்தாக வேண்டும். அந்த மருந்து டிஎன்ஏவைப் பிணைத்தே செல்லைக் கொல்கிறது. பான்கோனி நோயாளிகளுக்கு மஜ்ஜை மாற்றும்போது இத்தகைய மருந்துகளின் அளவை வெகுவாகக் குறைப்பதும் இதனால்தான்.