யாளி ஓவியம்: நிழல் சேறாகிறது, உருவம் பின்னணியோடு ஒட்டவில்லை, பாணியும் பிடிபடவில்லை

அந்திச்செம்மை:

வணக்கம். மாயாஜாலக் கதைகளுக்குப் படம் வரையும் வேலைக்காகத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். பென்சில் கோடு ஓரளவு கைக்குள் வந்துவிட்டது. வண்ணத்தில் இறங்கினால்தான் தடுமாற்றம்.

இப்போது கையில் இருக்கும் படம் இது: அந்தி நேரம், சிதைந்த மண்டபத்தின் வாசல், யாளி மேல் ஏறி வெளியே வரும் காவல்காரி. ஏ3 அளவு, 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) கனமுள்ள தாள், 24 நிற போஸ்டர் கலர் பெட்டி. கணினியில் வரையும் கிரிட்டா மென்பொருளிலும் ஒருமுறை போட்டுப் பார்த்தாயிற்று. இரண்டிலும் நிழல் பகுதி சேற்று நிறமாகிவிடுகிறது. யாளியும் ஆளும் வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டியதுபோல நிற்கிறார்கள். மூன்றாவது, எதை வரைந்தாலும் கடைசியாகப் பார்த்த ஓவியரின் சாயல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எதை முதலில் சரிசெய்வது?

கரித்துண்டு:

வண்ணப் பெட்டியை ஒரு வாரம் மூடி வையுங்கள். உருவம் ஒட்டாததற்கு நிறம் காரணமில்லை, டோன்தான் காரணம். எது வெளுப்பு, எது நடுத்தரம், எது இருட்டு என்று முடிவு செய்யாமல் நிறத்தைத் தொட்டால் படத்தின் ஒவ்வொரு மூலையும் தனித்தனி வெளிச்சத்தில் நிற்கும்.

ஏ3 தாளின் விகிதத்திலேயே 6 × 8.5 செ.மீ. கட்டங்கள் 20 போடுங்கள். கட்டத்துக்கு 4 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். தாளின் வெள்ளை, 2பி பென்சிலின் சாம்பல், 6பி பென்சிலின் கருமை, இந்த மூன்றே டோன். கண், நகை, செதுக்கு வேலை எதுவும் உள்ளே வரக்கூடாது. முதல் ஏழெட்டு கட்டங்கள் யாருக்கும் தோன்றக்கூடிய அமைப்பாகத்தான் இருக்கும். அவை தீர்ந்த பிறகுதான் கை வேறு வழி தேடும். அதற்காகத்தான் 20.

உங்கள் படத்தில் சூரியன் வாசலுக்குப் பின்னால் இருக்கிறதென்றால் வானம் வெளுப்பு, மண்டபம் நடுத்தரம், யாளி இருட்டு என்று ஒரு அமைப்பு கிடைக்கும். மூன்றுக்கும் சமமாக இடம் கொடுத்தால் படம் கட்டம் போட்ட துணிபோலச் சப்பென்று ஆகிவிடும். பாதிக்கு மேல் ஒரு டோன், மூன்றில் ஒரு பங்கு இன்னொன்று, மிச்சமிருக்கும் சின்ன இடம் மூன்றாவது. அந்தச் சின்ன இடம் காவல்காரியின் முகத்தருகே விழட்டும்.

இன்னொன்று. யாளி இப்படி நிழலுருவமாக நின்றால் அதன் புறக்கோடு மட்டும்தான் பேசும். துதிக்கை மார்புக்கு முன்னால் தொங்கினால் இருட்டுக்குள் இருட்டாகக் கரைந்துபோகும், பார்ப்பவருக்கு வெறும் சிங்கமாகத்தான் தெரியும். வானத்தின் மேல் விழும்படி துதிக்கையைத் தூக்குங்கள், அல்லது தலையைப் பக்கவாட்டில் திருப்புங்கள்.

20ல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து 12 × 17 செ.மீ. அளவில் ஐந்து டோனில் மறுபடி போடுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்க்கும்போது உருவங்கள் பிரிந்து தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் வண்ணம் பூசி அதைக் காப்பாற்ற முடியாது.

ஈரத்தூரிகை:

சேறு விஷயத்துக்கு வருகிறேன். குவாஷிலும் (அடியில் இருப்பதை மூடும் கெட்டியான நீர்வண்ணம்) போஸ்டர் கலரிலும் அடிப்பூச்சு காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் மறுபடி கரையும். நீங்கள் மேலே நிழலைத் தேய்க்கத் தேய்க்க, அடியில் இருக்கும் மஞ்சளும் சிவப்பும் எழுந்து கலக்கின்றன. இப்படி மூன்று நான்கு நிறமிகள் தாறுமாறாகச் சேர்ந்தால் பெரும்பாலும் சாம்பல் பழுப்புதான் வரும். அதோடு நிழலை இருட்டாக்கக் கறுப்பையும், அது தப்பாகப் போனதும் சரிசெய்ய வெள்ளையையும் சேர்த்திருப்பீர்கள். நிழலில் வெள்ளை கலந்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளிறும்.

24 நிறப் பெட்டியை ஒதுக்கிவிட்டு ஓவியர் தர குவாஷில் ஐந்தே டியூப் வாங்குங்கள்: அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஓக்கர், வெர்மிலியன், வெள்ளை. விலை குறைந்த போஸ்டர் கலரில் பெரும்பாலும் நிரப்புப்பொடி அதிகம், கலவை சீக்கிரம் மங்கிவிடும். கறுப்பு டியூபே வேண்டாம். அல்ட்ராமரைன் இரண்டு பங்கு, பர்ன்ட் சியன்னா ஒரு பங்கு கலந்தால் குளிர்ந்த கருநீலம் வரும். சியன்னாவைக் கூட்டினால் அதே இருட்டு சூடான பழுப்பாகும். அளவு பிராண்டுக்குப் பிராண்டு சற்று மாறும், ஒரு துண்டுத் தாளில் கலந்து பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தி வெளிச்சத்துக்கு முதலில் ஓக்கரையும் ஒரு துளி வெர்மிலியனையும் கலந்து, வெள்ளையைக் கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். வெள்ளை நிறத்தை வெளுக்க மட்டும் செய்யாது, குளிரவும் வைக்கும். எடுத்ததுமே வெள்ளையைக் கொட்டினால் பொன் வெயில் பால் கலந்த ரோஸாக மாறிப்போகும்.

பதம் முக்கியம். முதல் பூச்சு மோர் பதம், பெரிய பரப்புகளுக்கு மட்டும். அடுத்தது தோசை மாவு பதம், அடியில் இருப்பதை மூட இதுதான் சரி. கடைசி வெளிச்சப் புள்ளிகள் கெட்டித் தயிர் பதத்தில், ஒரே இழுப்பில். வைத்த இடத்தை மறுபடி தொடாதீர்கள். பிரஷ்ஷை ஒரு இடத்தில் மூன்றாவது முறை தேய்க்கிறீர்கள் என்றால் அங்கே சேறு தொடங்கிவிட்டது. அப்படியே விட்டுக் காயவைத்து, மாவு பதத்தில் மேலே மூடுங்கள். தண்ணீர் இரண்டு குவளை: ஒன்று கழுவ, மற்றொன்று கலக்க.

குவாஷ் காயும்போது வெளுத்த நிறம் ஒரு படி இருளும், இருண்ட நிறம் ஒரு படி வெளுக்கும். ஈரத்தில் பார்த்து முடிவெடுத்தால் காய்ந்த பிறகு படம் முழுக்க நடுத்தரமாகக் குவிந்துவிடும். அதே தாளின் ஓரத்துண்டில் பூசி, ஹேர் டிரையரில் காயவைத்துப் பார்த்த பிறகு படத்தில் வையுங்கள்.

200 ஜிஎஸ்எம் தாள் ஏ3 அளவில் நனைந்தால் அலை அலையாக எழும், வண்ணம் பள்ளத்தில் தேங்கும். 300 ஜிஎஸ்எம் எடுத்து, நனைத்து, பிளைவுட் பலகையில் பசைக் காகித டேப்பால் நான்கு பக்கமும் ஒட்டி ஒரு இரவு காயவிடுங்கள். பிரஷ் மூன்று போதும்: ஒரு அங்குல ஃபிளாட் (தட்டை முனை), 8ஆம் எண் ரவுண்டு (உருண்டை முனை), 4ஆம் எண் ரவுண்டு. முக்கால்வாசிப் படம் ஃபிளாட்டில் முடிய வேண்டும்.

தூண்யாளி:

இரண்டு பேரும் சொன்னது சரிதான். ஆனால் உருவம் ஒட்டாததற்கு இன்னொரு காரணம், அந்த யாளிக்கு எடை இல்லை.

கோயில் தூண் யாளியைப் பார்த்து வரைபவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. வேலூர் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்திலும் மதுரைப் புது மண்டபத்திலும் இருக்கும் யாளிகள் தூணோடு ஒரே கல். அவற்றின் பாரத்தைத் தூண் தாங்குகிறது. சிற்பி அவற்றை நடக்கவைக்கத் தேவையில்லை, உங்களுக்குத் தேவை இருக்கிறது. தலை அமைப்பு, பிடரிச் சுருள், பிதுங்கிய கண், கோரைப்பல் இவற்றைச் சிற்பத்திலிருந்து எடுங்கள். உடம்பின் இயக்கத்தை உயிருள்ள விலங்கிடம் கற்றுக்கொள்ளுங்கள். ஆள் ஏறி உட்காரும் விதத்துக்கு ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துக் குதிரை வீரர்களைப் பென்சிலில் வரைந்து பாருங்கள். தொடை எப்படி இறுக்குகிறது, இடுப்பு எப்படிப் பின்னால் சாய்கிறது என்பது அங்கே கல்லில் இருக்கிறது.

கணக்கு ஒன்று. ஆண் சிங்கத்தின் தோள் உயரம் ஏறக்குறைய 1.15 மீட்டர். அதே அளவில் ஆளை ஏற்றினால் கால் தரையைத் தொட வரும். ஒன்றரை மடங்கு பெரிதாக்கினால் 1.7 மீட்டர், பெரிய குதிரையின் உயரம், பார்க்கப் பொருத்தமாக இருக்கும். ஆனால் எடை 1.5 × 1.5 × 1.5, அதாவது சுமார் 3.4 மடங்கு ஏறும். கால் எலும்பின் குறுக்குப்பரப்போ 2.25 மடங்குதான் ஏறும். ஆகவே சிங்கத்தின் காலை அப்படியே பெரிதாக்கினால் அது அந்த உடம்பைத் தாங்காது என்று பார்ப்பவரின் கண்ணுக்கே தெரிந்துவிடும், காரணம் சொல்லத்தான் தெரியாது. முன்னங்கால்களைத் தடிமனாக்குங்கள், பாதத்தை அகலமாக்குங்கள்.

துதிக்கையைச் சிங்க மூக்கின் நுனியில் குழாய்போல மாட்டாதீர்கள். யானையின் துதிக்கை மூக்கும் மேலுதடும் ஒன்றாகச் சேர்ந்தது, உள்ளே எலும்பே கிடையாது. மண்டையோட்டில் மூக்குத்துளை கண்களுக்கு நடுவே உயரத்தில் இருக்கும். அதனால் துதிக்கையின் அடி கண்களுக்கு நடுவிலேயே அகலமாகத் தொடங்கி, மேல்தாடை முழுவதையும் மூடிக்கொண்டு இறங்க வேண்டும். வாய் அதற்குக் கீழே திறக்கும், கோரைப்பற்கள் இரு பக்கமும் வரும். இவ்வளவு பாரமான தலைக்குக் கழுத்தும் தோளும் காளையின் திமில்போல உயர்ந்து நிற்பதுதான் நியாயம்.

அடுத்து பாதம். நான்கு பாதங்களும் தரையைத் தொடும் கோட்டில் மெல்லிய, படத்திலேயே மிக இருண்ட ஒரு நிழல் வேண்டும். வெளிச்சமே புகாத இடுக்கு அது. அங்கிருந்து விலக விலகத் தரை நிழலின் ஓரம் மென்மையாகும். அந்த ஒரு கோடு இல்லாவிட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் விலங்கு மிதக்கும்.

பிக்சல்கூடை:

கிரிட்டா பக்கம் மட்டும். ஒரு வாரம் வண்ணமே தொடக்கூடாது என்பதில் எனக்கு உடன்பாடில்லை. டோன் கட்டங்களோடு, உள்ளங்கை அளவில் வண்ணக் கட்டங்களும் நாளுக்கு இரண்டு போடலாம். நிறத்தில் கண் பழகுவதற்கும் நாள் பிடிக்கும்.

டிஜிட்டலில் சேறு வரும் வழி வேறு. மல்டிப்ளை லேயரில் (கீழே உள்ள நிறத்தை இருட்டாக்கும் அடுக்கு) கறுப்பையோ சாம்பலையோ வைத்து நிழல் போட்டால் எல்லா நிறமும் ஒரே மாதிரி செத்துப்போகும். அந்தியில் வெளிச்சம் இரண்டு திசையிலிருந்து வருகிறது. சூரியன் ஆரஞ்சு, மேலே வானம் நீலம். யாளியின் முதுகு, பிடரி, காவல்காரியின் தோள் ஆகிய மேல்நோக்கிய பரப்புகளின் நிழலில் வானத்து நீலம் விழும். வயிற்றுக்கு அடியில் தரையின் நிறம் எதிரொளிக்கும். செம்மண் தரையென்றால் மங்கிய சிவப்பு. அந்த நீலமும் சிவப்பும் ஒரே அளவு இருட்டாக இருக்கட்டும், நிறம் மட்டும் மாறட்டும். நிழல் உயிரோடு இருக்கும்.

3000 × 4200 பிக்சல் வைத்தால் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 10 × 14 அங்குலம் அச்சிடலாம். எல்லா லேயருக்கும் மேலே ஒரு ஃபில்டர் லேயர் போட்டு, டிசேச்சுரேட் (நிறத்தை நீக்கிச் சாம்பலாக்குவது) தேர்ந்தெடுத்து வையுங்கள். அதை அணைத்து ஏற்றினால் போதும், டோன் கலைந்த இடம் உடனே காட்டிக்கொடுக்கும். எம் விசையை அழுத்தினால் படம் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பும், சாய்ந்த முகமும் நீண்ட காலும் அப்போது தெரியும். மென்மையான ஏர்பிரஷ்ஷை முதல் பாதி முழுக்கத் தொடாதீர்கள். எல்லா ஓரத்தையும் அது பஞ்சாக்கிவிடும். கல்லும் மயிரும் தோலும் ஒரே பொருளாகத் தெரிய அதுதான் காரணம்.

அந்திச்செம்மை:

எடை பற்றி யோசித்ததே இல்லை, நன்றி. பாணி பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லையே? பிறர் படத்தைப் பார்த்துப் பயிற்சி செய்வதை நிறுத்திவிட வேண்டுமா? களிமண் பொம்மை செய்து வெளிச்சம் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டேன், அது யாளிக்கு உதவுமா?

கரித்துண்டு:

நிறுத்தவே வேண்டாம். படம் முழுவதையும் நகலெடுப்பதால்தான் சாயல் ஒட்டுகிறது. ஒரு முடிவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேய ஓவியர் ஆர்தர் ரேக்கம் மையில் கோடு போட்டு, அதன் மேல் மெல்லிய நீர்வண்ணத்தை அடுக்கடுக்காகப் பூசுவார், நிறத்தை அடக்கியே வைப்பார். ரஷ்ய ஓவியர் இவான் பிலிபின் தெளிவான புறக்கோட்டுக்குள் தட்டையான நிறம் வைத்து, சுற்றி அலங்கார ஓரம் கட்டுவார். நம் தமிழ்நாட்டு ஓவியர் சில்பியின் கோயில் சிற்பப் படங்களில் பேனாக் கோடுகள் கல்லின் வளைவைத் தொடர்ந்து ஓடும். மூன்று பேரிடமும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஓரத்தை எங்கே கூர்மையாக வைத்தார், எங்கே விட்டார், எதை வரையாமல் ஒதுக்கினார்?

ஒருவரின் படத்தை 12 × 16 செ.மீ. அளவில் பெரிய வடிவங்களை மட்டும் வைத்து 40 நிமிடத்தில் நகலெடுங்கள். கண்டுபிடித்த விதியை ஒரே வாக்கியமாகக் கீழே எழுதுங்கள். பிறகு மூலத்தை மூடிவிட்டு, அதே நாளில் அந்த விதியை மட்டும் வைத்து உங்கள் வீட்டுச் சைக்கிளையோ தெரு நாயையோ வரையுங்கள். விதி உங்களுடையதாவது அந்த இரண்டாவது படத்தில்தான். மூலம் கண் முன்னால் இருக்கும்வரை கை அதையே தேடும்.

அதன்பின் ஐந்து படம் தொடர்ச்சியாக, அதே ஐந்து டியூப், அதே மூன்று பிரஷ், ஒரே உலகம். ஆறாவதுக்கு முன் ஐந்தையும் தரையில் பரப்பிப் பாருங்கள். யாரும் சொல்லாமலே நீங்கள் திரும்பத் திரும்பச் செய்திருக்கும் மூன்று நான்கு விஷயங்கள் தெரியும்: வானத்தை எப்போதும் தாழ்வாக வைத்திருப்பீர்கள், முகத்தைப் பாதி நிழலில் விட்டிருப்பீர்கள். அவற்றில் பிடித்ததை வேண்டுமென்றே வளருங்கள்.

தூண்யாளி:

களிமண் உதவும், யாளிக்குக் கட்டாயம் செய்யுங்கள். எதிரே நிற்கவைத்துப் பார்க்க உயிருள்ள யாளி கிடையாதே. 2 மி.மீ. அலுமினியக் கம்பியில் முதுகெலும்பையும் நான்கு கால்களையும் முறுக்கி, பலகையில் ஆணியடித்து நிறுத்துங்கள். உயரம் 15 செ.மீ. போதும். குயவர் களிமண் காயும்போது சுருங்கும், கம்பி சுருங்காது, அதனால் கழுத்திலும் கணுக்காலிலும் வெடிக்கும். காயாத பிளாஸ்டிசின் களிமண் எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை, துதிக்கையையும் பிறகு வளைத்து மாற்றலாம். பல நிறக் களிமண்ணைக் கலந்து செய்யாதீர்கள். முழுக்க ஒரே சாம்பல் நிறம் வாங்குங்கள், அப்போதுதான் டோன் தெரியும்.

அறையை இருட்டாக்கி, 9 வாட் எல்இடி பல்பு ஒன்றைப் பொம்மைக்குப் பின்னால், அதன் தலை உயரத்தில் வையுங்கள். எதிர்ப்பக்கம் வெளிர் நீலத் தாள் ஒன்றை மேலே சாய்த்துப் பிடித்தால் வானத்து வெளிச்சம் கிடைக்கும். பிடரியின் ஓரத்தில் வெளிச்சக் கோடு எங்கே தொடங்கி எங்கே அறுகிறது என்று முதலில் பாருங்கள். கற்பனையில் போடும்போது எல்லோரும் அதை முழுச் சுற்றுக்கும் போட்டுவிடுவார்கள்.