ஓரியூரா, வேதாளையா: முதலில் இரத்தம் சிந்தியவர் யார்?

இறையியல் மாணவர்: திருச்சபை வரலாற்றுப் பாடத்துக்காக நம் பகுதியைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறேன். சேது நாட்டு (இராமநாதபுரப் பகுதி) மண்ணில் விசுவாசத்துக்காக முதலில் இரத்தம் சிந்தியவர், 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்ட இயேசு சபைக் குரு புனித அருளானந்தரே (ஜான் டி பிரிட்டோ) என்று அதை முடித்திருக்கிறேன்.

வேதாளைக் கரையான்: தம்பி, 'முதலில்' என்ற சொல்லைப் படித்ததும் மனம் கொதித்தது. மண்டபத்துக்கு அருகே, எங்கள் வேதாளையில், 1549ஆம் ஆண்டிலேயே இயேசு சபைக் குரு அந்தோனியோ கிரிமினாலி கொல்லப்பட்டார். அருளானந்தருக்கு 144 ஆண்டுகள் முந்தியவர் அவர். தங்கள் சபையின் முதல் மறைசாட்சி, அதாவது விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர் என்று இயேசு சபையினரே அவரைப் போற்றுகிறார்கள்.

ஓரியூர் யாத்திரிகர்: போர்த்துக்கீசியர் வேதாளையில் அகழி வெட்டி, இராமேசுவரம் செல்லும் பக்தர்களிடம் சுங்கம் கேட்டதால்தான் விஜயநகரப் படை வந்தது. அந்தச் சண்டையில் சிக்கி இறந்தவரை எங்கள் அருளானந்தருக்கு முன்னால் நிறுத்துவதை எங்களால் ஏற்க முடியாது. அருளானந்தருக்கு 1947இல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். கிரிமினாலிக்கு என்ன பட்டம் இருக்கிறது?

வேதாளைக் கரையான்: சுங்கம் கேட்டவர் படைத்தலைவர், குரு அல்லர். தாம் தப்பிச் செல்ல வழியிருந்தும், கரையில் தவித்த பெண்களையும் குழந்தைகளையும் வள்ளங்களில் ஏற்றிவிடுவதற்காகவே அவர் பின்தங்கினார். நீங்கள் சொல்லும் கணக்குப்படி பார்த்தால் ஓரியூரிலும் அரண்மனைப் பகை உண்டு. ஞானஸ்நானம் பெற்ற சேது நாட்டு இளவரசர் தடியத்தேவர் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அதைச் சொல்லி அருளானந்தரின் சாவை நான் குறைத்துப் பேசினேனா? 1549 முந்தியதா, 1693 முந்தியதா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

பாம்பன் ஆசிரியை: ஐயா, மறைசாட்சி என்றால் யார் என்று முதலில் பேசிக்கொள்வது நல்லது. கொன்றவர் விசுவாசத்தின் மீதுள்ள வெறுப்பால் கொன்றாரா என்பதைத்தான் திருச்சபை ஆராய்கிறது.

வேதாளைக் கரையான்: டீச்சர், ஆராய்ச்சி ஒருபுறம் இருக்கட்டும். 1549 முந்தியதுதானே?

ஓரியூர் யாத்திரிகர்: சென்ற திருவிழாச் சமயத்திலும் இவர் இதையே எழுதி, ஓரியூர்ச் செம்மண்ணைப் புனிதமாகக் கருதி எடுக்க வந்த யாத்திரிகர்களின் மனத்தை நோகடித்தார். நாங்கள் அதை மறக்கவில்லை.

வேதாளைக் கரையான்: நானும் மறக்கவில்லை. கடலோரத்தாருக்கு வரலாறு கிடையாது என்று அன்று எழுதியவர் நீங்கள். கிரிமினாலிக்குப் பின் முத்துக்குளித்துறை எனப்படும் நம் தென்கடலோரத்தின் பணிக்குப் பொறுப்பேற்ற என்றீக்கே அடிகளார்தான் 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். அது கடலோரத்தாருக்காக நடந்த பணி இல்லையா?

இறையியல் மாணவர்: தமிழ் அச்சைத் தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த ஜெர்மானியப் புராட்டஸ்டன்ட் போதகர் சீகன்பால்கு தொடங்கினார் என்றே நான் படித்தேன்.

வேதாளைக் கரையான்: தம்பி, அதிலும் நூறாண்டுக்கு மேல் பிசகியிருக்கிறீர்கள். அந்த ஆண்டை விட்டுத்தள்ளி, கட்டுரையில் உள்ள 'முதலில்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

இறையியல் மாணவர்: எடுக்க மாட்டேன், ஐயா. திருச்சபை பீடத்தில் ஏற்றிய புனிதரை வைத்துத்தான் நான் எழுதினேன்.

ஓரியூர் யாத்திரிகர்: அப்படியே இருங்கள், தம்பி. நாங்கள் உங்களோடு நிற்கிறோம்.

வேதாளைக் கரையான்: 1549. நாளைக்கும் இதையே எழுதுவேன்.