பழைய பிளாட்டை இடித்துக் கட்டுகிறார்களாம்: ஒப்புதல் பாரத்தில் கையெழுத்துப் போடலாமா?

பெர்ஜுந்தை_பிளாட்:

வணக்கம். சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா பக்கம் ஐந்து மாடி மலிவு விலை பிளாட். தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) உடைத்தபோது அங்கிருந்த குடும்பங்களுக்காகக் கட்டியது. தொண்ணூறுகளின் நடுவில் சாவி கொடுத்தார்கள், விலை 25,000 வெள்ளி (ரிங்கிட்). லிப்ட் இல்லை, வீடு 600 சதுர அடி கூட வராது. இப்போது ஒரு மேம்பாட்டு நிறுவனம் மண்டபத்தில் கூட்டம் போட்டு, "பழைய வீட்டுக்குப் புது வீடு, ஒரு காசு வேண்டாம்" என்று சொல்லி ஒரே ஒரு பக்கப் பாரத்தைக் கொடுத்திருக்கிறது. இரண்டு வாரத்தில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம்.

வீடு இன்னும் காலமான அப்பா பெயரில்தான். பேங்க் கடன் எப்போதோ முடிந்துவிட்டது, பட்டா கண்ணில் பட்டதே இல்லை. பெரும்பான்மை பேர் கையெழுத்துப் போட்டால் மற்றவர்களும் வெளியேற வேண்டியதுதான் என்கிறார் குடியிருப்பாளர் குழுத் தலைவர். அது சரியா? வாடகைக்கு இருப்பவர்கள், கீழே இருக்கும் முனியாண்டி கோயில், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள், இதெல்லாம் என்ன ஆகும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்ட்ராட்டா_சாமி:

தலைவர் சொன்னது இன்றைய சட்டப்படி தப்பு. ஸ்ட்ராட்டா பட்டா (அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உரிமைப் பத்திரம்) வந்துவிட்ட கட்டடத்தில் அந்தப் பிரிவினையைக் கலைத்து இடிக்க வேண்டுமானால் 1985ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா பட்டாச் சட்டத்தின் 57ஆவது பிரிவு எல்லா உரிமையாளரும் ஒருமனதாகத் தீர்மானிக்க வேண்டும் என்கிறது. ஒரு வீடு மறுத்தாலும் நின்றுவிடும். அவர் வேறு எதையோ கேட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறார். 2025 ஆகஸ்ட்டில் மக்களவையில் முதல் வாசிப்புக்கு வந்த நகர்ப்புறப் புதுப்பிப்பு மசோதாவில் 30 ஆண்டு வரையிலான கட்டடத்துக்கு 80 விழுக்காடு, அதற்கு மேல் பழையதற்கு 75, கைவிடப்பட்டதற்கு 51 என்று போட்டிருந்தார்கள். மசோதா வேறு, சட்டம் வேறு. யாராவது "75 போதும்" என்றால், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்தத் தேதியில் அமலுக்கு வந்தது என்று எழுத்தில் கேளுங்கள்.

குழு கையெழுத்துப் போட்டுவிட்டது என்று காட்டியும் பயமுறுத்துவார்கள். கூட்டு நிர்வாக அமைப்போ நிர்வாகக் கழகமோ பராமரிப்புக்கு ஒப்பந்தம் போடலாம். உங்கள் வீட்டை உங்களுக்குப் பதிலாக மாற்றிக் கொடுக்க அதற்கு அதிகாரம் இல்லை.

இனி அந்த ஒரு பக்கப் பாரம். அதில் "கொள்கை அளவில் சம்மதம்" என்று மட்டும் இருக்கிறதா, இல்லை "திரும்பப் பெற முடியாத", "எங்கள் சார்பில் விண்ணப்பிக்க அதிகாரம் அளிக்கிறேன்" மாதிரி வரி இருக்கிறதா என்று பாருங்கள். பின்னது பாரமே இல்லை, அதிகாரப் பத்திரம். எப்படியிருந்தாலும் இரண்டு வாரக் கெடு அவர்கள் வைத்தது, சட்டம் வைத்ததல்ல.

முதல் வேலை, நிலப்பட்டாவைத் தேடுவது. மாநில நிலம், கனிமவளத் துறை அலுவலகத்தில் வீட்டு எண்ணும் லாட் எண்ணும் கொடுத்து அதிகாரப்பூர்வத் தேடல் எடுங்கள். மூன்று விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, தனி ஸ்ட்ராட்டா பட்டா வந்துவிட்டதா, இல்லை எல்லாம் இன்னும் பழைய மேம்பாட்டாளரின் மூலப் பட்டாவில் கிடக்கிறதா. இரண்டு, நிலம் நிரந்தரமா, குத்தகையா. 99 ஆண்டுக் குத்தகையில் 30 ஆண்டு போயிருந்தால் மதிப்பீட்டாளர் அதைக் கழித்துத்தான் விலை போடுவார். புதுப் பட்டாவுக்குக் குத்தகையை மறுபடி 99 ஆக்கும் கட்டணம் யார் தலையில் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். மூன்று, 'செக்காத்தான் கெப்பெந்திங்ஙான்' (உரிமை மீதான கட்டுப்பாடு) என்ற கட்டத்தில் என்ன இருக்கிறது. மலிவு விலை வீட்டில் பெரும்பாலும் மாநில அரசின் அனுமதி இல்லாமல் பெயர் மாற்ற முடியாது என்று இருக்கும்.

தனிப் பட்டா வரவில்லை என்றால் 57ஆவது பிரிவுக்கே வேலை இல்லை, ஏனென்றால் கலைப்பதற்குப் பிரிவினையே நடக்கவில்லை. அப்போது நிலத்தின் பதிவு உரிமையாளர் பழைய மேம்பாட்டாளர், உங்கள் கையில் இருப்பது வாங்கிய ஒப்பந்தம். அந்த நிறுவனம் மூடப்பட்டிருந்தால் கலைப்பாளர் யாரென்று கண்டுபிடிக்க வேண்டும். இந்த நிலையில் எவனும் "புது வீடு தருகிறேன்" என்றால், நிலம் அவன் கைக்கு எப்படி வந்தது என்பதுதான் முதல் கேள்வி.

பழைய_கிராணி:

அப்பா பெயரை முதலில் தீர்த்துவிடுங்கள் தம்பி. மகன் என்ற முறையில் நீங்கள் போடும் கையெழுத்துக்கு நில அலுவலகத்தில் மதிப்பு இல்லை. நிறுவனம் வாங்கி வைத்துக்கொள்ளும், பிறகு புது வீட்டுச் சாவி கொடுக்கும்போது "வாரிசு உத்தரவு எங்கே?" என்று கேட்கும். அப்போதுதான் அண்ணன் தம்பிக்குள் சண்டை வரும்.

உயில் இல்லையென்றால் சிறு சொத்துப் பகிர்வுப் பிரிவில் 'பாரம் ஏ' கொடுக்க வேண்டும். 2024 ஜூலை 15 முதல் மொத்தச் சொத்து 50 லட்சம் வெள்ளி வரை அங்கேயே முடிக்கலாம், அதற்கு முன் 20 லட்சம். உங்கள் கேஸுக்கு உயர் நீதிமன்றமே வேண்டாம். இறப்புச் சான்றிதழ், எல்லா வாரிசுகளின் மைகாட் (அடையாள அட்டை), பிறப்புப் பத்திரங்கள், அம்மாவின் திருமணச் சான்றிதழ், பட்டாவின் நகல். பட்டா இல்லையென்றால் வாங்கிய ஒப்பந்தத்தின் நகலும் மேம்பாட்டாளரின் உறுதிக் கடிதமும். தோட்டத்துக் கல்யாணம் பலதும் கோயிலில் நடந்ததோடு சரி, பதிவு இருக்காது. அங்கேதான் விசாரணை இழுக்கும், ஆகவே முன்கூட்டியே தயாராகுங்கள்.

முஸ்லிம் அல்லாதவருக்கு 1958ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டம். மனைவியும் பிள்ளைகளும் மட்டும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. இறந்தவரின் பெற்றோரில் ஒருவர் உயிரோடு இருந்தாலும் கணக்கு மாறும்: பெற்றோருக்குக் கால், மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. வீட்டை அம்மா பெயருக்கே விட்டுக்கொடுப்பதானால், மற்ற வாரிசுகள் விசாரணை நாளில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும். முடிவில் வருவது 'பாரம் இ' என்ற பகிர்வு உத்தரவு. அதைப் பதிவு செய்யாமல் அலமாரியில் வைத்திருப்பவர்களும் உண்டு, அது பாதிக் கிணறுதான்.

இன்னொன்று. கடன் முடிந்தது என்கிறீர்கள், பேங்க் விடுவிப்புப் பத்திரம் வாங்கினீர்களா? பட்டா இருந்தால் '16என்' பாரம். பட்டா இல்லாமல் ஒப்பந்தத்தை அடகு வைத்திருந்தால் திரும்ப எழுதிக் கொடுக்கும் ஒரு பத்திரம். கடைசித் தவணை கட்டியதோடு அது தானாக வருவதில்லை. பேங்க் இரண்டு தடவை கைமாறியிருந்தால் பழைய கோப்பைத் தோண்டி எடுக்கவே மாதங்கள் ஆகும்.

மேஸ்திரி_மகன்:

இடிக்கத்தான் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லையே. கூட்டத்தில் வெடிப்புப் படங்களைக் காட்டியிருப்பார்கள். கோல சிலாங்கூர் பக்கம் மண் மிருது. கட்டடம் பைலிங் மேல் நிற்கும், சுற்றிச் சிமெண்டு போட்ட நடைபாதையும் கால்வாயும் வெறும் மண் மேல் கிடக்கும். ஆகவே நடைபாதை இறங்கி, சுவருக்கும் அதற்கும் நடுவில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி விழும், கழிவுக் குழாய் மூட்டு விட்டுப் போகும். பார்க்க பயமாக இருக்கும். ஆனால் அதை மட்டும் வைத்துக் கட்டடம் விழப்போகிறது என்று சொல்ல முடியாது.

கவலைப்பட வேண்டியது தூணும் பீமும் சேரும் இடத்தில் சாய்வாக ஓடும் வெடிப்பு. இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, மாதம் ஒரு தடவை அகலத்தை அளந்து பாருங்கள். 0.3 மில்லிமீட்டருக்குக் குறைந்த மயிரிழை பெரும்பாலும் சாந்துப் பூச்சோடு சரி. அதைவிட அகலமாக இருந்தால், அல்லது மாதா மாதம் நீண்டால், பொறியாளரைக் கூப்பிடுங்கள். குளியலறைக்குக் கீழ்வீட்டுக் கூரையில் சிமெண்டு உதிர்ந்து கம்பி துருப்பிடித்துத் தெரிவது மேல்வீட்டுக் கசிவால். ஆரம்பத்தில் பிடித்தால் சரிசெய்யலாம், விட்டால் தளமே போகும். அறிக்கை கொடுப்பவர் மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிந்தவராகவும், மேம்பாட்டு நிறுவனம் சம்பளம் கொடுக்காதவராகவும் இருக்கட்டும்.

தண்ணீர்த் தொட்டி, கூரை, சாயம் மட்டும்தான் பிரச்சினை என்றால் வீடமைப்பு அமைச்சின் பராமரிப்பு நிதியும், மாநிலத்தின் ஸ்கிம் செரியாவும் மலிவு விலை பிளாட்டுக்காகவே இருக்கின்றன. நிர்வாக அமைப்பு முறையாகப் பதிந்து கணக்குக் காட்டினால்தான் விண்ணப்பம் நகரும். பல பிளாட்டுகளில் தடுக்கி விழுவதே இங்கேதான்.

ஸ்ட்ராட்டா_சாமி:

மேஸ்திரி மகன் சொல்வது பாதி சரி. லிப்ட் இல்லாத ஐந்தாவது மாடியில் முட்டி வலிக்கும் அம்மாவுக்குச் சாயம் அடித்து என்ன பயன்? தெங்கில் தாமான் பெர்மாத்தாவையும் மறக்காதீர்கள். புத்ராஜெயாவுக்காக இடம்பெயர்ந்த தோட்டக் குடும்பங்களுக்குக் கொடுத்த பிளாட் அது, அதன் வெடிப்புகள் சாந்துப் பூச்சோடு நிற்கவில்லை. அறிக்கை வரும்வரை இரண்டு பக்கமும் பேசாமல் இருப்பதே நல்லது.

பெர்ஜுந்தை_பிளாட்:

நன்றி ஐயா, கிராணி ஐயா, அண்ணே. அறிக்கையிலும் இடிக்கத்தான் வேண்டும் என்று வந்தால்? கட்டும் காலத்துக்கு மாதம் 500 வெள்ளி வாடகை தருவதாகச் சொன்னார்கள். "ஒரு காசு வேண்டாம்" என்பது உண்மையா?

ஸ்ட்ராட்டா_சாமி:

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வட்டாரத்தில் மூன்று அறை வீடு 700 என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போக இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை: 2,450 வெள்ளி கையில் வேண்டும். பிறகு மாதம் 200 பற்றாக்குறை, 36 மாதத்துக்கு 7,200. லாரிக் கூலி தனி. வாடகைப் பணம் "சாவி கொடுக்கும் நாள் வரை" என்று இருக்க வேண்டும், "36 மாதம்" என்று இருக்கக் கூடாது. அதற்கு பேங்க் உத்தரவாதமும் கேளுங்கள், நிறுவனம் படுத்துவிட்டால் வாக்குறுதியை வைத்து வாடகை கட்ட முடியாது.

பலருக்குத் தெரியாத ஓட்டை ஒன்று. அடுக்குமாடி வீட்டுக்கான எச் அட்டவணை ஒப்பந்தத்தில் (சட்டம் வகுத்த விற்பனை ஒப்பந்தப் படிவம்) 36 மாதத்தில் சாவி, தாமதமானால் வாங்கிய விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு இழப்பீடு, சாவி வாங்கிய பின் 24 மாதம் குறை சரிசெய்யும் காலம். மாற்று வீட்டு ஒப்பந்தத்தில் விலை "இல்லை" என்று போட்டால், அதில் 10 விழுக்காடும் இல்லைதானே! வீட்டுக்கு ஒரு மதிப்பை எழுத வையுங்கள். 250,000 வெள்ளி என்று இருந்தால் தாமதம் ஒரு நாளுக்குச் சுமார் 68 வெள்ளி.

பிறகு மாதச் செலவு. புதுக் கட்டடத்தில் லிப்ட், காவலர், பம்ப் எல்லாம் உண்டு. உதாரணத்துக்குச் சதுர அடிக்கு 25 சென் என்றால் 750 சதுர அடிக்கு 187.50, அதன் மேல் சிங்கிங் ஃபண்ட் (பெரிய பழுதுக்கான சேமநிதி) 10 விழுக்காடு, மொத்தம் 206.25. இப்போது நீங்கள் கட்டுவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பென்ஷன் இல்லாத தோட்டத்து முதியவர் புது வீட்டை விற்றுவிட்டுப் போவது பெரும்பாலும் இதனால்தான். பழைய வீட்டுக்காரர்களுக்குத் தனி பிளாக், தனிக் கட்டண விகிதம் என்று ஆரம்பத்திலேயே பேச வேண்டும், சாவி வாங்கிய பிறகு பேசிப் பயனில்லை.

கெபெனாரான் மெரான்சாங் என்ற திட்டமிடல் அனுமதியும் வீடமைப்பு மேம்பாட்டாளர் உரிமமும் கண்ணால் பார்க்காமல் வீட்டைக் காலி செய்யாதீர்கள். காலி நிலம் இருந்தால் முதலில் அங்கே கட்டி, குடியேற்றி, அப்புறம் பழையதை இடிக்கச் சொல்லுங்கள். கோலாலம்பூர் ரசாக் மேன்ஷனில் அப்படித்தான் செய்தார்கள்.

பழைய_கிராணி:

மாநில அரசே நிலத்தை எடுப்பதாக இருந்தால் பேச்சே வேறு. அது 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம். 'பாரம் டி' அரசிதழில் வரும், இந்தச் சட்டத்தில் 'பாரம் இ' என்பது விசாரணை நோட்டீஸ், குறைந்தது 21 நாள் இடைவெளி. விசாரணைக்குச் சொந்த மதிப்பீட்டாளரின் அறிக்கையோடு போங்கள். வீடு மாற்றும் நியாயமான செலவையும் அங்கேயே கேட்க வேண்டும். 'பாரம் எச்' (இழப்பீட்டுத் தீர்ப்பு அறிவிப்பு) வந்து தொகை குறைவாக இருந்தால், பணத்தை ஆட்சேபத்தோடு வாங்கிக்கொண்டு 'பாரம் என்' (ஆட்சேப விண்ணப்பம்) கொடுக்கலாம். தீர்ப்பின்போது ஆஜராகியிருந்தால் அன்றிலிருந்து ஆறு வாரம். முன்பணம் தீர்ப்புத் தொகையில் 10 விழுக்காடு அல்லது 3,000 வெள்ளி, எது குறைவோ அது. அந்த ஆறு வாரத்தை விட்டவர்கள் நிறைய.

லயத்துப்_பொண்ணு:

கோயிலையும் பள்ளியையும் யாரும் தொடவில்லையே. முனியாண்டி கோயில் பொதுச் சொத்தில் நிற்கிறது, அங்கீகரித்த பழைய வரைபடத்தில் பெரும்பாலும் இருக்காது. "சாமிக்கும் இடம் தருவோம்" என்ற வாய்ப்பேச்சு போதாது. புது வரைபடத்தில் அளவோடு குறித்து, அதன் நகலை ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும். இடிக்கும் முன் பாலஸ்தாபனம் செய்து சாமியைப் பாலாலயத்துக்கு மாற்ற வேண்டும் அல்லவா, அந்தத் தற்காலிக இடமும் வேலி போடும் நாளுக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

பள்ளிக்கு, 150 பேருக்குக் குறைந்தால் குறைந்த மாணவர் பள்ளி என்ற பட்டியலில் சேர்ந்துவிடும். நாற்பது ஐம்பது குடும்பம் மூன்று வருடம் ரவாங், காப்பார் என்று சிதறினால் சின்ன தோட்டப் பள்ளி தாங்காது. வாடகை வீட்டை ஒரே வட்டாரத்தில் நிறுவனமே மொத்தமாகப் பிடித்துக் கொடுக்கட்டும், இல்லையென்றால் பள்ளி பஸ் செலவைத் தரட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் இப்போதே கடிதம் போடலாம்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு, அக்காவோ தம்பியோ யாராக இருந்தாலும், மாற்று வீடு கிடையாது. இடிக்கும் தேதி தெரியும்வரை காத்திருக்காமல் பிபிஆர் (அரசின் மக்கள் வீடமைப்புத் திட்ட) வாடகை வீட்டுக்கு இப்போதே விண்ணப்பம் போடச் சொல்லுங்கள், காத்திருப்போர் வரிசை நீளம்.

பெர்ஜுந்தை_பிளாட்:

சரி. பாரத்தைக் கையெழுத்து இல்லாமல் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை நில அலுவலகத்தில் தேடல், பிறகு பேங்க். அறிக்கை தரும் பொறியாளருக்கு வீட்டுக்கு எவ்வளவு பிரித்துக்கொள்வது என்று பிளாட்டில் பேசிவிட்டு எழுதுகிறேன்.