கிளிநொச்சியில் இருந்து ஒரே நாளில் மலைநாடு போய் வரலாமா?

பரந்தன் பிள்ளை:
வணக்கம். வருகிற ஞாயிறு விடிய வெளிக்கிட்டு, இரவு வீடு வந்து சேரும்படி மலைப் பக்கம் போக யோசிக்கிறோம். வீட்டு டொயோட்டா அக்குவா கார்தான், ஓட்டப்போவது நான். ஏ9 (கண்டி-யாழ்ப்பாணம் ரோடு) தவிர வேறு ரோட்டில் பெரிதாக ஓடிப் பழக்கமில்லை. தம்பி நுவரெலியாதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அம்மாச்சியும் வருகிறார். அவர் மாத்தளை இரத்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, 1977 இனக் கலவரத்துக்குப் பிறகு இங்கே தர்மபுரம் வந்தவர். முழங்கால் நோ, கனதூரம் நடக்க மாட்டார். எங்கே போகலாம்?

மாங்குளம் ஹையேஸ்:
பிள்ளை, நான் வான் ஹயர் ஓடுகிறவன், அந்தப் பக்கம் அடிக்கடி ஆட்களை ஏற்றிப் போவேன். நுவரெலியாவை மறவுங்கோ. கண்டிக்கே கிளிநொச்சியில் இருந்து 250 கிலோமீற்றர். அதற்கு மேல் கம்பளை, றம்பொடை என்று வளைவு வளைவாக ஏற வேண்டும். போய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்கு அவ்வளவு பெற்றோல் எதற்கு?

அம்மாச்சி பிறந்த ஊர் இரத்தோட்டை என்கிறீர்கள், பிறகென்ன யோசனை? அந்த ஊருக்கு மேலேதான் ரிவர்ஸ்டன். நக்கிள்ஸ் மலைத்தொடர். மாத்தளை வரை ஏ9 தான், சுமார் 230 கிலோமீற்றர், நீங்கள் ஓடிப் பழகிய அதே ரோடு. மாத்தளையில் திரும்பினால் ஏறக்குறைய 30 கிலோமீற்றர் மலை ஏற்றம். விடிய மூன்றரைக்கு வெளிக்கிடுங்கோ. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு போனால் எட்டு மணிக்கு மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வாசலில் நிற்கலாம். ரோட்டோரமே கோபுரம், 108 அடி. மாசி மகத்துக்கு ஐந்து தேர் இழுக்கும் கோயில், அம்மாச்சிக்கு நீங்கள் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

இரத்தோட்டை தாண்டினால் தேயிலை. அதற்கு மேல் ரோடு ஒடுங்கும், காற்றின் குளிர் மாறும். கண்ணாடியை இறக்கி விடுங்கோ, ஏசி வேண்டாம். ரிவர்ஸ்டன் உச்சியில் இருக்கிற தொலைத்தொடர்புக் கோபுரத்துக்கு நடந்து ஏற வேண்டும், அது தம்பிக்கு. அம்மாச்சியோடு நீங்கள் கீழே ரோட்டோரம் நின்றாலே போதும், முகில் உங்களுக்கு முன்னாலேயே ரோட்டைக் கடக்கும். அப்புறம் அந்தப் பக்கம் இறங்கினால் பிட்டவல பத்தன. பெரிய கற்பாறைமேல் ஒரு பிடி மண்கூட இருக்காது, அதிலே விரல் உயரத்துக்குப் புல். செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பாருங்கோ. அதன் விளிம்பைத்தான் மினி வேர்ல்ட்ஸ் எண்ட் என்கிறார்கள். டிக்கெட் உண்டு. விளிம்பில் செல்பி எடுக்கத் தம்பியை விட வேண்டாம்.

மத்தியானத்துக்கு முன்னம் மேலே பார்த்து முடித்துவிடுங்கோ. பிறகு பனிமூட்டம் வந்தால் முன்னால் போகிற வாகனத்தின் சிவப்பு லைட்டும் தெரியாது.

வவுனியா வாத்தியார்:
இவ்வளவு தூரம் தேவையா? மரதன்கடவலயில் ஹபரண ரோட்டுக்குத் திரும்பினால் றிட்டிகல, 766 மீற்றர் மலை, நல்ல காடு, பழைய மடாலய இடிபாடுகள். ஆனால் எல்லாம் கல்படி, முழங்கால் நோ உள்ளவருக்குச் சரிவராது. சரி, அண்ணை சொன்னபடியே போங்கள்.

இரண்டு விஷயம். மழை பெய்திருந்தால் முதல்நாள் இரவு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள், பிரதேச செயலகம் வாரியாகப் போடுவார்கள். இரத்தோட்டையோ, பிட்டவல பத்தன இருக்கிற லக்கலவோ அதில் இருந்தால் அந்தக் கிழமை வேண்டாம். மற்றது, மாத்தளைக்கு முன்னால் வரிசையாக வாசனைத் திரவியத் தோட்டங்கள். சும்மா சுற்றிக் காட்டுகிறோம் என்று கூப்பிடுவார்கள். ஒரு இடத்தில் எங்கள் அம்மாவின் முழங்காலில் எண்ணெயைத் தேய்த்துவிட்டு, அந்தப் போத்தலுக்கு அவர்கள் கேட்ட காசில் ஒரு மூட்டை அரிசி வாங்கலாம்.

பரந்தன் பிள்ளை:
நன்றி இரண்டு பேருக்கும். இரத்தோட்டை என்றதும் அம்மாச்சி இப்பவே சேலை எடுத்து வைத்துவிட்டார், தம்பியின் கதை எடுபடாது. இறக்கத்தில் ஓட்டோ கியரோடு என்ன செய்வது? அட்டை கடிக்குமாமே?

மாங்குளம் ஹையேஸ்:
கியரை D-யில் இருந்து B-க்கு (P இல்லை) மாற்றுங்கோ, அக்குவாவில் அது அதற்காகத்தான் இருக்கிறது. வேகம் தானாக அடங்கும். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் சூடாகிக் கருகின மணம் வரும், பிறகு மிதித்தாலும் பிடிக்காது. வளைவுக்கு முன்னம் ஹோன் அடியுங்கோ. ஏறிவரும் வாகனத்துக்கு வழி விடுங்கோ, அதுதான் மலை ரோட்டு முறை.

அட்டை ரோட்டில் வராது, புல்லுக்குள் இறங்கினால்தான். காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு போகச் சொல்லுங்கோ. ஒட்டினால் உப்பு.

இரண்டு மணிக்கு மலையை விட்டு இறங்கிவிடுங்கோ. வவுனியா தாண்டும்போது இருட்டிவிடும். ஓமந்தைக்கு மேலே மாடுகள் தார்ச்சூட்டுக்கு ரோட்டில் படுத்திருக்கும், கறுப்பு மாடு லைட்டிலும் தெரியாது. அங்கே 50-க்கு மேல் போக வேண்டாம். பெற்றோலை மாத்தளையில் நிரப்புங்கோ.