சீனாவில் கைச்சாடை: வெள்ளைக்காரர்களோடு போய்ப் பார்த்தவை (சீனாவில் இருக்கும் மூன்று தமிழர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டவை)

குவாங்சோவிலிருந்து:

ஐரோப்பிய, அமெரிக்க வாடிக்கையாளர்களைத் தொழிற்சாலைகளுக்குக் கூட்டிப்போவது என் வேலை. 1957 முதல் இங்கே கான்டன் கண்காட்சி என்ற பெரிய வணிகக் கண்காட்சி நடக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை ஊரே வெளிநாட்டவரால் நிரம்பிவிடும். விலை, தரம், கப்பல் தேதி எல்லாம் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். கையை எப்படி வைத்துக்கொள்வது என்று மட்டும் யாரும் சொல்லி அனுப்புவதில்லை. தப்பாகச் செய்தாலும் சீனர்கள் முகத்துக்கு நேரே திருத்த மாட்டார்கள். விருந்தாளிக்குத் தலைகுனிவாகிவிடும் என்று சிரித்தபடி விட்டுவிடுவார்கள். வந்தவருக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விடுகிறது. கூடப் போகிற நாம்தான் முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

ஒரு மதிய விருந்தில் அமெரிக்கர் ஒருவர் பேச்சு மும்முரத்தில் சாப்ஸ்டிக் இரண்டையும் சோற்றுக் கிண்ணத்தில் செங்குத்தாகக் குத்தி வைத்துவிட்டார். இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி நிறுத்துவார்கள். பார்க்க ஊதுபத்தி நட்ட மாதிரியும் இருக்கும். விருந்து கொடுத்த தொழிற்சாலை முதலாளியின் வயதான அம்மா பார்வையைத் திருப்பிக்கொண்டார். பக்கத்திலிருந்த பேத்தி எழுந்து, கிண்ணத்தை மாற்றும் சாக்கில் குச்சிகளை எடுத்துத் தட்டோரம் படுக்க வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பண்பு எனக்கு ரொம்பப் பிடித்தது.

அப்புறம் தேநீர் வந்தது. யாராவது ஊற்றினால் இரண்டு விரலை மடக்கி மேசையில் லேசாகத் தட்டி நன்றி சொல்வது இந்தப் பக்கத்து வழக்கம். அந்தக் காலத்துச் சீனப் பேரரசர் சியென்லுங் மாறுவேடத்தில் போனபோது தன் ஆட்களுக்குத் தானே தேநீர் ஊற்றினாராம். மண்டியிட்டால் வேஷம் கலைந்துவிடும் என்று அவர்கள் விரலை மடக்கி வணங்கினார்களாம். கதைதான், ஆனால் இங்கே எல்லாரும் சொல்வார்கள். அமெரிக்கரோ, "சீக்கிரம் ஊற்றச் சொல்கிறார்களா?" என்று என்னைக் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். அடுத்த கோப்பைக்கு அவரே தட்டினார். அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

யிவூவிலிருந்து:

அண்ணே, எங்கள் யிவூ மொத்த விற்பனைச் சந்தையில் எண்தான் சிக்கல். சீனர்கள் பத்து வரைக்கும் ஒரே கையில் காட்டிவிடுவார்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டினால் ஆறு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நீட்டினால் எட்டு. ஜெர்மன்காரர்கள் கட்டைவிரலிலிருந்து எண்ணுவதால் அவர்களுக்கு அதே சாடை இரண்டு! ஒரு பொம்மைக் கடையில் கடைக்கார அம்மா எட்டு காட்ட, என்னோடு வந்த ஜெர்மானியர் இரண்டு யுவான் என்று நினைத்துப் பெரிய ஆர்டர் எழுத ஆரம்பித்துவிட்டார். அந்த அம்மா கால்குலேட்டரில் அடித்துக் காட்டியதும், விலையை ஏற்றுகிறாள் என்று அவருக்குக் கோபம். இரண்டு பேர் மீதும் தப்பில்லை. அவர்கள் கையை வைத்தே நான் விளக்கிய பிறகுதான் வியாபாரம் தொடர்ந்தது. இப்போது யார் வந்தாலும் முதலில் ஆறும் எட்டும் சொல்லிக்கொடுக்கிறேன். ஏழு, ஒன்பது, பத்து ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்.

பெய்ஜிங்கிலிருந்து:

எங்கள் கல்லூரி உணவகத்தில் ஓர் ஆங்கிலேய ஆசிரியை தட்டைக் கீழே போட்டுவிட்டார். சுற்றியிருந்த மாணவிகள் சிரித்தார்கள். கேலி செய்கிறார்கள் என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அது சங்கடத்தை மறைக்கிற சிரிப்பு. அதே பெண்கள்தான் ஓடிவந்து துடைத்தார்கள். இதை அவருக்குப் புரியவைக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. உள்ளங்கையைக் கீழே வைத்து "வா" என்று அழைப்பதையும் அவர் "போ" என்றே எடுத்துக்கொண்டார். நாமும் அப்படித்தான் கூப்பிடுவோம் என்பதால் எனக்கு அது உறுத்தவே இல்லை. ஆனால் தம்பி, வயதான சீனர்களைக் கண்டதும் கட்டிப்பிடிக்கப் போகிறவர்களை மட்டும் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். அவர்கள் அப்படியே விறைத்துப்போகிறார்கள்.

குவாங்சோவிலிருந்து:

உண்மைதான்மா. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மதுக்கோப்பை மோதும்போது பெரியவரின் கோப்பை விளிம்புக்குக் கீழே நம்முடையது இருக்க வேண்டும். விசிட்டிங் கார்டு தந்தால் இரண்டு கையாலும் வாங்கி, படித்துப் பார்த்து மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். பின்பாக்கெட்டில் செருகவே கூடாது. இளைஞர்கள் இப்போது வீசாட் என்ற கைபேசிச் செயலியில் ஸ்கேன் செய்து முடித்துக்கொள்கிறார்கள், ஆனால் தொழிற்சாலை முதலாளிகளில் பலர் இன்னும் பெரியவர்கள்தான்.